தாகம் எடுத்த தொட்டி

சூடத்தைக் கொளுத்தி வையுங்கள், அணைத்துச் சத்தியம் செய்கிறேன். இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால், எங்கள் வறண்ட பரளச்சிக் கண்மாய் இந்தச் சித்திரையிலேயே நிரம்பி மறுகால் பாயட்டும்!

வீட்டு முன்னறையில் நான் ஃப்ளெக்ஸ் போர்டு டிசைன் செய்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. உச்சிவெயிலில் என் கம்ப்யூட்டர் கொதித்து அணைந்துவிடும். மேலே அப்பளத்தைக் காட்டினால் பொரியும். அதைக் குளிர்விக்கத் தண்ணீர்த் தொட்டி கட்டியே தீருவது என்று தீர்மானித்தேன்.

போர்டுக்கு வெட்டி மிஞ்சிய அக்ரிலிக் தகடுகளை ஒட்டினேன். கண்ணாடி மாதிரி, ஒரு குடம் பிடிக்கிற தொட்டி. அடியில் தண்ணீரைத் திறந்துவிட ஒரு சின்னக் குழாய். மீன்தொட்டி மோட்டார் தண்ணீரைத் தள்ளும். அது கம்ப்யூட்டரின் சூட்டை வாங்கிக்கொண்டு, பழைய பைக் ரேடியேட்டரில் ஆறி, தொட்டிக்கே திரும்பும். சொட்டு வெளியே போகாது.

உப்புத் தண்ணீர் ஊற்றியதில் இரண்டே நாளில் ட்யூபெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. நல்ல தண்ணீர் பஸ் ஸ்டாப் குழாயில்தான் வரும். என் மனைவி ஜக்கம்மாள் முழங்கால் வலியோடு தினம் ஒரு குடம் தூக்கி வருவாள். கல்யாணமான நாற்பது வருஷத்தில் நான் குடத்தைத் தொட்டவனில்லை. அவள் குளிக்கப் போன நேரம், குடத்தைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

"ஏங்க, குடம் காலியா இருக்கு?"

"வெயிலு. ஆவியாப் போயிருக்கும்."

"கொடத்துத் தண்ணிதான் ஆவியாகுமாக்கும்? உங்க பொட்டித் தண்ணி அப்படியே நிக்கிது?"

நான் திரையைப் பார்த்து மவுஸை உருட்டினேன்.

மறுநாள் வெள்ளத்துரைக்குக் கண்ணீர் அஞ்சலி போர்டு. ஊர் ஊராகத் தண்ணீருக்கு போர் போட்டவர். அறுநூறு அடி இறக்கியும் ஈரம் காணாதவர். உச்சிவேளை. தெருவில் ஆடுகூட இல்லை. திரையில் அவர் முகம். தொட்டிக்குள் 'களக்... களக்...' என்று தொண்டையில் இறங்குகிற சத்தம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். தண்ணீர் நாலு விரல் குறைந்திருந்தது. தரையில் ஈரமில்லை. படத்தில் அவர் உதடு மட்டும் நனைந்தாற்போல மினுங்கியது.

அடுத்த நாள் தெரசாள் டீச்சர் அஞ்சலி. மறுபடி நாலு விரல். அதற்கடுத்த நாள் காதுகுத்து போர்டு. ஒரு சொட்டுக் குறையவில்லை!

அடுப்படிக்கு ஓடி ஜக்கம்மாளிடம் சொன்னேன்.

"செத்தவுகளுக்குச் செம்புல தண்ணி வைக்கிறது எதுக்கு? தாகங்க! அவுக மூஞ்சிக்கு முன்னால தண்ணிய ஓடவிட்டா குடிக்காம என்ன செய்வாக?"

"டீச்சர் சர்ச்சுக்குப் போற வேதக்காரவுகளாச்சே?"

"தாகத்துக்கு ஏதுங்க வேதம்?"

"தொட்டியக் கழட்டிருவமா?"

"வச்ச தண்ணிய எடுத்தா சும்மா விடுவாகளா? வச்சவுகதான் சுமந்து ஊத்தணும். ரெண்டு கொடம். தொட்டிக்கு ஒண்ணு, அவுக வந்துபோற வீட்டுக்கு ஒண்ணு."

"சைக்கிள்ல கொண்டாரேன்."

"இழவு வீட்டு நீர்மாலைத் தண்ணிய சைக்கிள்லயா கொண்டாருவாக? தோள்ல சுமங்க!"

சுமந்தேன். குழாயடியில் ராமசுப்பு சிரித்தான். "ஏலே பொன்னுச்சாமி, யாருலே செத்தது?"

"ஒன் சோலியப் பாருலே" என்றேன். உள்ளுக்குள், நான்தான் என்று பட்டது.

பத்தாம் நாள், குடத்தோடு கிளம்பியவன் செருப்பை மறந்து பாதியில் திரும்பினேன். தொட்டிக் குழாயடியில் செம்பைப் பிடித்துக்கொண்டு ஜக்கம்மாள்!

"அடிப்பாவி! நீதானா வெள்ளத்துரை?"

அவள் பதறவில்லை. குழாயை மூடினாள். "முழங்கால் வலிக்குதுன்னு நாலு வருசமாச் சொன்னேன். கேட்டீகளா? செத்தவுக கேட்டா மட்டும் ஓடுறீக."

"இனிமே ஒரு கொடம் தூக்க மாட்டேன்!"

"தூக்காதீக. ஒண்ணே ஒண்ணு சொல்லிர்றேன். டீச்சரு அன்னைக்கு ஒலைக்குத் தண்ணியில்லாம எடுத்தேன், அப்புறம் இன்னைக்குத்தான். வெள்ளத்துரை அண்ணன் அன்னைக்கு நான் ஊர்லயே இல்ல. சோத்த மூடி வச்சிட்டு நரிக்குடி போயிட்டேன்ல?"

போயிருந்தாள்தான். பஸ் ஏற்றிவிட்டதே நான்.

அவள் அரிசி களையப் போய்விட்டாள். தொட்டியருகே நான் ஒருவன்தான். திரையில் அன்றைய அஞ்சலி முகம். குழாய் இறுக மூடியிருந்தது. என் கண்ணெதிரே தண்ணீர் மெல்ல ஒரு விரல் இறங்கியது.

"ஜக்கு... தண்ணி எறங்குது!"

அடுப்படியிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது: "அப்ப நாளைக்கு மூணு கொடமாத் தூக்கிருங்க."

நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னது நான்தான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். விடிந்தால் குழாயடியில் முதல் ஆளாக நிற்பது நான்தான்.