டெய்லரம்மா கை தூக்கிய நாள்

"என்னங்க, தண்ணி இறங்கவே மாட்டேங்குது," என்றாள் டெய்லரம்மா, குளியலறையில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றபடி.

காலை மணி ஏழு. மாலை நான்கு மணிக்கு நகர மன்றத்தில் ஓட்டெடுப்பு. குடிநீருக்கும் சாக்கடைக்கும் கட்டணத்தை உயர்த்தலாமா, கூடாதா என்பது கேள்வி. மன்றத்தில் பதினைந்து பேர். உயர்த்தலாம் என்றவர்கள் ஏழு, கூடாது என்றவர்கள் எட்டு. அந்த எட்டில் ஒருத்தி டெய்லரம்மா. தையல் மிஷினை விட்டு எழுந்து, வீடு வீடாகப் போய், "கட்டணத்தை ஏத்த விடமாட்டேன்" என்று சொல்லித்தான் அவள் வார்டு உறுப்பினர் ஆனாள். வேறு எந்த வாக்குறுதியும் அவள் கொடுக்கவில்லை. அதனால் இந்த ஒன்றைக் காப்பாற்றியே ஆக வேண்டும்.

"நகராட்சிக்கு ஒரு போன் போடு. வந்து அடைப்பை எடுத்துட்டுப் போகட்டும்," என்றார் கணவர்.

"ஓட்டெடுப்பு அன்னைக்கு நகராட்சி வண்டி நம்ம வாசல்ல நின்னா, நான் விலை போயிட்டேன்னு தெருவே பேசும். நீங்களே ஏதாவது பண்ணுங்க."

கணவருக்கு வாய் நீளம், கை வேலைதான் வராது. ஜன்னல் திரைக் கம்பியைக் கழற்றிக் குழாய்க்குள் விட்டார். பாதிக் கம்பி திரும்பி வந்தது.

அடுத்து பிளம்பர் வந்தார். ஒரு மிஷினை வைத்துக் காற்றடித்தார். அதுவரை குளியலறையோடு நின்ற விவகாரம் கழிவறைக்கும் பரவிக் கூடத்தை எட்டிப் பார்த்தது.

"அடைப்பு உங்க வீட்டுக்குள்ள இல்லம்மா, வெளியில," என்றார் பிளம்பர், காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு. "தெருச் சாக்கடை மூடியை நான் தொட்டா நகராட்சிக்காரங்க சும்மா விடமாட்டாங்க."

"இதைக் காத்தடிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"காத்தடிச்ச பிறகுதானே எனக்கே தெரிஞ்சது."

மாமியார் இதுவரை பொறுமையாக இருந்தார். சர்க்கரை நோய்க்காரர். அவருடைய பொறுமைக்கு ஒரு மணி நேரம்தான் ஆயுள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பினார்.

நான்காம் முறை அவர் போனபோது பக்கத்து வீட்டு அக்கா டெய்லரம்மாவைத் தேடி வந்துவிட்டாள்.

"ஓட்டுக் கேக்க ஒரே ஒரு தடவைதான் எங்க வீட்டுக்கு வந்தீங்க," என்றாள். "இன்னைக்கு மட்டும் நாலு தடவை. வாளி வாளியா தண்ணி ஊத்த வேண்டியிருக்கு. கட்டணம் வேற ஏறப் போகுதாம்."

"அதை நான் ஏத்த விடமாட்டேன்க்கா."

"முதல்ல உங்க வீட்டுல இறங்க வைங்க."

திரும்பி வந்த மாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? போனைப் போடும்மா," என்றார்.

டெய்லரம்மா நகராட்சி இன்ஜினியருக்குப் போன் செய்தாள்.

"ஆள் இல்லம்மா," என்றார் இன்ஜினியர். "இருக்கிறது ஒரே வண்டி. வரிசைப்படி வந்தா உங்களுக்குப் பதினோரு நாள் ஆகும்."

"வீட்டுல வயசானவங்க இருக்காங்க சார்."

"புரியுது. கட்டணம் ஏறினா ஆளும் போடலாம், வண்டியும் வாங்கலாம். அது மன்றத்தோட இஷ்டம். நான் சொல்ல என்ன இருக்கு?"

நான்கு மணிக்கு டெய்லரம்மா மன்றத்துக்குப் போனாள். குளித்திருக்கவில்லை. யாரும் பக்கத்தில் வராத இடமாகப் பார்த்துக் கடைசி வரிசைக்குப் போனால், கட்டண உயர்வு கூடாது என்ற மற்ற ஏழு பேரும் அங்கேதான் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆதரிக்கிறவங்க கையைத் தூக்கலாம்," என்றார் தலைவர்.

முன்வரிசையில் ஏழு கைகள் எழுந்தன. டெய்லரம்மா, தான் ஏறி இறங்கிய வாசல்களை நினைத்தாள். பிறகு மாமியாரை நினைத்தாள். கையைத் தூக்கிவிட்டு, வெட்கம் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மன்றத்தில் கை தூக்காதவர் ஒருவர்கூட இல்லை. தலைவர் இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒருமனதாக நிறைவேறியது," என்றார்.

அவள் வீடு திரும்பியபோது வாசலில் நகராட்சி வண்டி நின்றது. பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலில் இருந்தபடி வண்டியையும் பார்த்தாள், டெய்லரம்மாவையும் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். டெய்லரம்மாவுக்கு அழுகை வந்தது.

துப்புரவுத் தொழிலாளி தெரு மூடியைத் திறந்து, நீளக் கொக்கியை உள்ளே விட்டு, இரண்டே நிமிடத்தில் ஒரு மணல் மூட்டையை மேலே இழுத்துப் போட்டார். வீட்டுக்குள் தண்ணீர் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. கணவர் சந்தோஷத்தில் மூட்டையைக் குப்பைத்தொட்டிப் பக்கம் தள்ளப் போனார்.

"அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார்," என்றார் தொழிலாளி. "எட்டு மூட்டையையும் எண்ணித் திருப்பி ஒப்படைக்கணும்னு இன்ஜினியர் சொல்லியிருக்காரு."