கிறகோரியின் முற்றத்தை யார் கூட்டுகிறார்கள்?

மூன்றாம் நாள் காலையிலும் முற்றம் கூட்டியிருந்தது.

கிறகோரி வாசலில் நின்று அதைப் பார்த்தார். நுரைச்சோலைக் கடற்கரையில் கருவாடு காயப்போடும் வாடி வைத்திருக்கும் எவருடைய முற்றத்திலும் மீன் செதிலும் பூனையும் இருக்கும். அவருடையதில் பூனை மட்டும் இருந்தது. அதுவும் ஏமாற்றத்தோடு.

"அனஸ்தாசியா, நீ கூட்டினியா?"

"முழங்கால் இருக்கிற இருப்பில நானா?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. "திங்கக்கிழமை தண்ணித் தொட்டியையும் ஆரோ நிரப்பி வச்சிருந்தாங்க. நேத்து வாசல்ல ஒரு கிண்ணம் பாற்சோறு. யோசிக்காமச் சாப்பிடுங்க."

கிறகோரி சாப்பிடாமல் யோசித்தார். ஐம்பத்தெட்டு வருடங்களில் ஒருவரும் அவருக்குச் சும்மா ஒரு தேசிக்காய் கூடக் கொடுத்ததில்லை. ஊர் தன்மேல் வைத்திருக்கும் மரியாதைதான் அதற்குக் காரணம் என்று நம்பியிருந்தார். அவர் தெருவில் இறங்கினால் பிள்ளைகள் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு வேறு காணிக்குப் போய்விடுவார்கள். கோயில் கூட்டத்தில் அவர் பேச எழும்பினால் பாதிப்பேர் எழும்பி வெளியே போய் இடம் விடுவார்கள்.

அப்படிப்பட்ட ஊர் திடீரென்று அன்பு காட்டுவது ஏன்?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன வாரம் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்திருந்தார்கள். முடிவு வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்றார்கள். அவருக்குத்தான் வெள்ளிக்கிழமை. ஊருக்கு எந்தச் செய்தியும் இரண்டு நாள் முந்தி வந்துவிடும்.

"எனக்கு முதல் இவங்களுக்குத் தெரிஞ்சிட்டுது," என்றார் பூனையிடம்.

வேலிக்கு அந்தப் பக்கம் நூர்தீனின் தேத்தண்ணிக் கடை. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து ஒற்றைப் பையோடு வந்தவர் நூர்தீன். வேலியடியில் ஒன்றரை அடி நிலம் யாருடையது என்று இருவரும் ஒன்பது வருடமாகச் சண்டை. தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் மட்டும் சண்டைக்கு ஓய்வு.

"நூர்தீன் நானா, ஒரு ரகசியம். ஒருத்தரிட்டயும் சொல்லப்படாது."

"செல்லுங்க, கேக்கிறன்."

"நான் சாகப்போறன் போல கிடக்கு."

நூர்தீன் ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணி அந்தரத்தில் ஒரு கணம் தயங்கி, பிறகு விழுந்தது. "ஆரு செல்லின?"

"ஒருத்தரும் சொல்லல்ல. அதுதான் பயமா இருக்கு. எல்லாரும் என்னோட நல்லா நடக்கிறாங்க."

நூர்தீனுக்கும் அது சந்தேகமாகத்தான் பட்டது.

அவர் ரகசியத்தைக் காத்தார். மனைவி பரீனாவிடம் மட்டும் சொன்னார். பரீனா கடைக்குப் பாண் வாங்க வந்தவர்களிடம் மட்டும் சொன்னாள்.

மத்தியானம் கிறகோரி வீட்டுக்கு வந்தபோது அனஸ்தாசியா குசினி வாசலில் நின்றாள்.

"ஏழு சட்டி கஞ்சி வந்திருக்கு. வெளியில என்னத்தக் கதைச்சீங்க?"

"பாத்தியா? நேத்து ஒரு கிண்ணம், இண்டைக்கு ஏழு சட்டி. கூடிக்கொண்டு போகுது." கிறகோரி கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை அதைவிட மோசம். கருவாட்டுக்கென்று உப்புப் போட்டு வைத்திருந்த கட்டா மீன் முழுவதையும் யாரோ நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, பலகையில் பெரிது சிறிதாக அடுக்கி வைத்திருந்தார்கள். வேறொரு நாளென்றால் ஊர்க்கோடி அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி அதிர ஏசியிருப்பார். இன்று சிலுவை அடையாளம் மட்டும் போட்டார்.

"பிரேதத்தைக் குளிப்பாட்டுற மாதிரியெல்லோ கழுவியிருக்கிறாங்க," என்றார்.

தொட்டியடி மணலில் சின்னச் சின்னக் காலடிகள் இருந்தன. அவற்றைப் பின்பற்றிப் போனார். காலடிகள் கோயில் மண்டபத்தில் போய் முடிந்தன. அங்கே ஜெசிந்தா டீச்சர் புதுநன்மை என்ற முதல் நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கற்பிட்டியிலிருந்து புதிதாக வந்தவள். பதினொரு பிள்ளைகளும் திரும்பி அவரை இமைக்காமல் பார்த்தார்கள்.

"டீச்சர், உங்கட பிள்ளைகள் என்ட வாடிக்கு வாறதா?"

ஜெசிந்தாவின் கண் கலங்கியது. கஞ்சிச் செய்தி அவளுக்கும் எட்டியிருந்தது.

"மற்றவங்களுக்கு எப்பிடி ஆசீர்வாதமா இருக்கிறது எண்டு இந்தக் கிழமை படிப்பிக்கிறன் ஐயா. ஒரு ஆளத் தெரிஞ்செடுத்து ரகசியமா நல்லது செய்யணும்."

"ஆருக்குச் செய்யிறாங்க?"

"நான் கேக்கல்ல. கேட்டா வீட்டுப்பாடமாப் போயிடும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க மனசத் தளர விட்டுடாதீங்க."

ஆக, கூட்டுவதும் கழுவுவதும் இந்தப் பிள்ளைகள்தான். ஆனால் ஊரில் இத்தனை பேர் இருக்க, தன்னை ஏன் தெரிந்தெடுத்தார்கள்? சாகிறவன் என்று வீட்டில் கதைத்ததைக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பொய் வராது.

கிறகோரி கோயில் பாதிரியாரான பங்குச் சுவாமியிடம் போய், தன்னைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டாரா என்று மட்டும் விசாரித்தார். சுவாமி கேள்விப்பட்டிருந்தார். பின்னேரமே எண்ணெய்ச் சிமிழோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சுவாமி, இது சாகிறவங்களுக்குப் பூசுற கடைசிப் பூசுதலா?"

"இது சுகத்துக்கும் பூசுறதுதான்," என்றார் சுவாமி, எந்தப் பக்கமும் சாயாமல். "எதுக்கும் ஆரோடயாவது மனஸ்தாபம் இருந்தாத் தீர்த்துக்கொள்ளுங்க."

கிறகோரி நேரே வேலிக்குப் போய்த் தன் கையாலேயே கதியால் கம்புகளைப் பிடுங்கினார். நூர்தீன் அழுதபடி நெம்புவதற்கு அலவாங்கை எடுத்துக் கொடுத்தார். ஒன்றரை அடி போதுமா என்று கிறகோரி கேட்டபோது, அழுதபடியே இரண்டு என்றார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர் காகிதத்தை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"கொழுப்புக் கொஞ்சம் கூட. இறைச்சியக் குறைங்க."

"எவ்வளவு காலம் டொக்டர்?"

"சாகும் மட்டும்."

"அது எப்ப?"

"அதுக்கு இந்தக் காகிதம் காணாது. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது கிறகோரிக்குச் சந்தோஷம் அரைவாசிதான் இருந்தது. மீதி அரைவாசியில் இரண்டு அடி நிலம் கிடந்தது. ஆனாலும் ஒரு கேள்வி விடவில்லை. சாவு இல்லையென்றால் அந்தப் பிள்ளைகள் எதற்காக வந்தார்கள்?

முற்றத்தில் அந்தப் பதினொரு பிள்ளைகளில் ஒருத்தி, மெரிஸ்டெல்லா, கூட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. விளக்குமாறு அவளைவிட உயரம். அவரைக் கண்டதும் ஓடப் பார்த்தாள்.

"நில்லு பிள்ள, ஏச மாட்டன். நான் சாகப்போறன் எண்டுதானே கூட்டினீங்க?"

"இல்ல மாமா. அது புதன்கிழமைதானே தெரியும். நாங்க ஞாயித்துக்கிழமையே உங்கட பேர எழுதிட்டம்."

கிறகோரி விளக்குமாற்றை அவளிடமிருந்து வாங்கிச் சுவரில் சாத்தினார். நோய்க்காக இல்லை. இரக்கப்பட்டும் இல்லை. சும்மா, அவருக்காக.

"எத்தின பேர் எழுதினீங்க?"

"பதினொரு பேரும். பிறகு ஒருத்தருக்கொருத்தர் காட்டிப் பாத்தம். எல்லாத்திலயும் உங்கட பேர்தான்."

கட்டா மீனை மன்னித்தார். இரண்டு அடி நிலத்தைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"அனஸ்தாசியா, இஞ்ச வந்து கேளு. இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுவியே." அவள் முழங்காலைப் பிடித்தபடி வாசலுக்கு வரும்வரை காத்திருந்தார். பிறகு குனிந்து கேட்டார். "சொல்லு மகள், ஏன் என்ட பேர எழுதினீங்க?"

"ஆருக்கு நல்லது செய்ய மனசே வராதோ, அவருக்குச் செய்தாத்தான் ஆசீர்வாதம் எண்டு டீச்சர் சொன்னவ," என்றாள் மெரிஸ்டெல்லா. "எங்களுக்கு யோசிக்கவே வேண்டி வரல்ல."