பதினேழாம் போர்ட்டைப் பிடுங்கிய தேவாங்கு

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. முழுக்க அல்ல, ஓர் இடத்தை மட்டும். இருந்தாலும் சம்பந்தப்பட்டவரே சொன்னது என்பதால் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஒரு காட்டில், அதாவது ஒயர் போட்ட ஒரு காட்டில், திருமேனி என்ற தேவாங்கு வேலை பார்த்துவந்தது. எந்த வளை யாருடையது, குளத்தில் யாருக்கு என்றைக்குத் தண்ணீர் முறை என்பது போன்ற பதிவுகளெல்லாம் அங்கே ஒரு குகைக்குள் பெட்டி பெட்டியாகச் சேமிக்கப்பட்டிருந்தன. துறைக்கு ஒரு மரம், மரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். மரங்களுக்கும் குகைக்கும் நடுவில், எல்லா ஒயர்களும் வந்து சேரும் சுவிட்ச் என்ற ஒரு கருவி. அதில் ஒயரைச் செருக இருபத்து நான்கு துளைகள், அதாவது போர்ட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. எந்த மரத்து ஒயரை எந்தப் போர்ட்டில் செருகுவது, எந்த மரம் எந்தப் பெட்டியைப் பார்க்கலாம் என்று பட்டியல் எழுதுவது, இதுதான் தேவாங்கின் வேலை. மான் துறை புலித் துறையின் பெட்டியைப் பார்த்துவிடக் கூடாது. புலித் துறை மானின் பெட்டியைப் பார்க்கவே கூடாது.

தன்னைப் பற்றித் திருமேனிக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. இத்தனை பெரிய கண்களை வைத்துக்கொண்டு, பட்டியலை எழுதிச் சேமித்துவிட்டு, அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் பட்டனை அழுத்த மறந்து, மூன்று நாள் ஒயரையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிராணி தான் ஒன்றுதான் என்று அதுவே சொல்லிக்கொள்ளும்.

போன மாதம் மட்டும் நாற்பத்தொரு புகார். மேலதிகாரியான காட்டெருமை கூப்பிட்டு, இந்த மாதம் ஒரே ஒரு புகார் வந்தாலும் பாம்புப் புற்றுக் கணக்கெடுப்புக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னது. அந்தப் பணிக்குப் போனவர்கள் எவரும் ஓய்வு பெறும் வயதை எட்டியதில்லை.

அந்த நேரம் பார்த்து, கழுதைப்புலிகள் நடத்தும் பாராட்டு விழாத் துறைக்கு உடனே ஒரு போர்ட் வேண்டும் என்று உத்தரவு வந்தது. இருபத்து நான்கும் நிரம்பியிருந்தன. இருபத்து மூன்று ஒயர்களில் எந்த மரம் என்று எழுதிய சீட்டு கட்டியிருந்தது. பதினேழாம் போர்ட்டின் சீட்டைக் கறையான் தின்றிருந்தது.

இப்படிப்பட்ட ஒயருக்கு இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சத்தமில்லாமல் போர்ட்டை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். யார் கத்துகிறார்களோ, அவர்களுடைய ஒயர் அது. யாரும் கத்தாவிட்டால் அது யாருடையதும் அல்ல.

விடாமல் மினுக்கிக்கொண்டிருந்த பதினேழாம் போர்ட்டின் பச்சை விளக்கைத் திருமேனி அணைத்தது. காடு கப்சிப். மனசு கேட்காமல் மூன்று நாள் காத்திருந்தது. யாரும் கத்தவில்லை. நான்காம் நாள் அந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கழுதைப்புலிகளின் ஒயரைச் செருகியது. பட்டனையும் மறக்காமல் அழுத்தியது.

அந்த மாதம் ஒரு புகார்கூட வரவில்லை. புகார்ப் பிரிவு மரத்தில் இருந்த கூகை, வேலை இல்லாததைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு தூங்கியது. காட்டெருமை முதன்முறையாகத் திருமேனியை உட்காரச் சொன்னது.

மாதக் கடைசியில் அஞ்சலை என்ற முள்ளம்பன்றி நேரிலேயே வந்தது. அதன் வளை எப்படியோ ஓர் உடும்பின் பெயரில் பதிவாகி, உடும்பு குடியேறியும்விட்டது. தான் குட்டிகளோடு ஒரு வேர்ச்சந்தில் கிடப்பதாக அஞ்சலை சொன்னது. நேரில் சொல்வதற்கு எண் கிடையாது, எண் இல்லாதது புகார் ஆகாது, அதனால் முறைப்படி புகார் கொடுங்கள் என்றது தேவாங்கு.

"ஒன்பது தடவை கொடுத்துட்டேன் தம்பி. கம்ப்யூட்டர்ல அனுப்புன்னு அமுக்கினா அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. உள்ளே போக மாட்டேங்குது."

"அப்ப அதையும் ஒரு புகாரா..." என்று ஆரம்பித்த தேவாங்கு அப்படியே நின்றுவிட்டது.

"சொல்லு, ஏன் நிறுத்திட்டே?" என்றது அஞ்சலை. "உனக்குக் கண்ணை இவ்வளவு பெருசா வச்சது எதுக்குன்னு நானும் வந்ததுல இருந்து யோசிக்கிறேன்."

பதினேழு எந்த மரத்து ஒயர் என்பது திருமேனிக்கு அப்போதுதான் புரிந்ததாம். கத்துவதற்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டு, யாராவது கத்துகிறார்களா என்று மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. திரும்பச் செருகினால் ஒரு மாதத்துப் புகாரும் ஒரே நாளில் கொட்டும். பாம்புப் புற்று கண் முன்னால் வந்து நின்றது. பார்க்கிறேன் அம்மா என்று சொல்லி அனுப்பியது. சொன்னபடியே பார்த்தது. போர்ட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது.

போக்கிடம் இல்லாத அஞ்சலை, ஒயர்கள் போகும் பள்ளத்தில் குட்டிகளோடு குடியேறியது. யாராவது என்னவென்று கேட்க வரட்டும் என்று மான் துறையின் ஒயரைக் கடித்தது. யாரும் வரவில்லை. தண்ணீர்த் துறையின் ஒயரைக் கடித்தது. புலித் துறையையும் விடவில்லை. எல்லாத் துறைகளும் புகார் கொடுக்க உட்கார்ந்தன. எல்லார் முன்னாலும் வட்டம் சுற்றியது. சுவிட்சில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, திருமேனி எண்ணிக்கொண்டிருந்தது. மிஞ்சியது ஒன்று, பாராட்டு விழாத் துறை. புது ஒயர் என்பதால் அது பள்ளத்தில் இறங்காமல் கிளைகளின் மேலே தொங்கிப் போயிருந்தது.

காட்டெருமை வந்து பார்த்தது.

"என்னய்யா, ஒத்த விளக்குதான் எரியுது?"

"மத்த எதுக்கும் இப்ப வேலை இல்லீங்கய்யா."

"புகார் ஏதாவது?"

"ஒண்ணும் இல்லீங்க."

அடுத்த வாரமே விழா. கழுதைப்புலிகள் சிரித்துக்கொண்டே மாலை போட்டன. 'அமைதிக் காவலர்' என்று பட்டம். பக்கத்துக் காடுகளிலிருந்து அதிகாரிகள் வந்து, எப்படிச் சாதித்தீர்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். கடிக்க ஒயர் தீர்ந்துபோனதும் அஞ்சலை குட்டிகளைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டது. எங்கே என்று பதிவு இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு திருமேனி இதை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறது, தன்னையே கேலி செய்துகொண்டு, தன் முட்டாள்தனத்துக்குத் தானே முதல் ஆளாகச் சிரித்துக்கொண்டு. நானும் கூடச் சிரித்திருக்கிறேன். போன வாரம் மட்டும் சிரிக்காமல் கேட்டேன்:

"ஐயா, மத்த இருபத்து மூணுலயும் சீட்டு இருந்துச்சே. அணைக்கிறதுக்கு முன்னாடியே அது எந்த மரத்து ஒயர்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

நீதி: குறையைத் தீர்க்க மாதக்கணக்கில் ஆகும், குறை சொல்லும் ஒயரைப் பிடுங்க ஒரு நொடி போதும். மாலை இரண்டுக்கும் ஒன்றுதான்.