இரண்டு மணிக்குப் பூத்த குறுந்தொட்டி

தோண்டும் இடத்திலிருந்து பத்தடிக்குள் நிற்கும் செடி இன்னதென்று உறுதிசெய்த பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும் என்பது புல்வெளித் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தின் விதி. நல்ல விதி. எங்கள் தெரு டெய்லர் கழிப்பறை கட்டக் கிளம்பும்வரை யாரும் அதைக் குறை சொன்னதில்லை.

அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். அடுத்த தெருவில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக் கழிப்பறைக்கு ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போய் வந்துகொண்டிருந்தாள். "பிள்ளை பொறக்கறதுக்குள்ள கட்டிடுங்க. அதுக்கு மேல என்னால நடக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள்.

கொல்லை பத்தடிக்குப் பத்தடி. ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குறுந்தொட்டிச் செடி. ஊருக்கு வெளியே புல்வெளி முழுக்க அதுதான். பிடுங்கிக் காயவைத்துத் துடைப்பம் கட்டுவோம். ஆனால் அதே இலை, அதே தண்டோடு அரிய வகை ஒன்றும் உண்டாம். மஞ்சள் பூவின் நடுவில் சிவப்புப் பொட்டு இருந்தால் அரியது, இல்லாவிட்டால் துடைப்பம். ஆகவே அதிகாரி ஒருவர் பூவைப் பார்த்தாக வேண்டும்.

பூ பன்னிரண்டரைக்கு விரிந்து இரண்டுக்குள் சுருங்கிவிடும். அலுவலகத்தின் உணவு இடைவேளையும் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு வரை. இரு தரப்பும் முன்கூட்டியே கலந்து பேசியதற்கு ஆதாரமில்லை.

ஆய்வாளர் ஒருநாள் பதினோரு மணிக்கு வந்தார். "மலர்வதற்கான முயற்சி தென்படவில்லை" என்று எழுதினார். இன்னொரு நாள் மூன்று மணிக்கு வந்தார். "முயற்சி கைவிடப்பட்டுள்ளது" என்று எழுதினார். மூன்றாம் முறை டெய்லர் அவரைப் போகவிடவில்லை. ஆய்வாளர் தன் டிபன் கேரியரைச் செடிக்குப் பக்கத்திலேயே பிரித்து உட்கார்ந்தார். அவர் இரண்டாம் அடுக்கைத் திறந்தபோது பூவும் திறந்தது.

"பாருங்க சார். பொட்டு இருக்கா?"

"இல்லை."

"அப்ப எழுதிடலாமே."

"இப்ப நான் இடைவேளையில இருக்கேன் டெய்லர். மனுஷனாத்தான் பார்க்கிறேன். அதிகாரியா ரெண்டு மணிக்குத்தான் பார்ப்பேன்."

"ரெண்டு மணிக்குப் பூ இருக்காதே."

"அதை அதுகிட்டதான் கேட்கணும்."

"பறிச்சு டப்பாவுல போட்டு வச்சுக்கலாமா?"

"அடையாளம் தெரியாத செடியைப் பறிச்சா, அரிய வகையைப் பறிச்ச குற்றம்."

டெய்லர் மேலதிகாரிக்கு மனுப் போட்டார். இடைவேளையை மாற்றுவது இயலாது என்றும், செடியின் நேரத்தை மாற்றுவது பரிசீலனைக்குரியது என்றும் பதில் வந்தது. அதன்படி டெய்லர் கறுப்புத் துணியில் செடிக்கு ஓர் அங்கி தைத்து மாட்டினார். வெயில் படாததால் செடி காலை என்றே நினைத்துக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு ஆய்வாளர் முன்னிலையில் அங்கி கழற்றப்பட்டது. கால் மணி நேரத்தில் பூ விரிந்தது. பொட்டு இல்லை.

டெய்லர் மண்வெட்டியை எடுத்தார்.

"கீழே வைங்க" என்றார் ஆய்வாளர். பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "சாதாரண வகை பன்னிரண்டரைக்குப் பூக்கும்னு புத்தகத்துல இருக்கு. இது ரெண்டேகாலுக்குப் பூத்திருக்கு. இது மூணாவது வகை. உலகத்துல இது ஒண்ணுதான்."

"அங்கி மாட்டச் சொன்னது நீங்கதானே சார்."

"மாட்டச் சொன்னது அலுவலகம். பூத்தது செடி."

செடியைக் காக்க உடனடி ஆணை பிறந்தது. காற்றுக்கு நான்கு சுவர், ஆட்டுக்குக் கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள், வெயில் விழப் பாதி திறந்த கூரை, ஒரு தண்ணீர்க் குழாய், வேரில் ஈரம் தேங்காதிருக்க மூலையில் ஆழமான வடிகால் குழி. தோண்டியது அலுவலகம் என்பதால் விதி குறுக்கே வரவில்லை.

கட்டி முடித்தபோது ஒன்பதாம் மாதம். டெய்லரின் மனைவி உள்ளே போய் நின்று பார்த்தாள்.

"என்னங்க, இதுல என்ன குறை?"

"பீங்கான் மட்டும்தான்."

கொத்தனார் வேலை பார்க்கும் அவள் அண்ணன் அன்று சாயங்காலமே அந்தக் குறையைத் தீர்த்துவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அலுவலகப் பராமரிப்பின் சிறப்பு என்று ஆய்வாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. நாங்களும் சும்மா இருக்கவில்லை. டெய்லரிடம் ஆளுக்கொரு கறுப்பு அங்கி தைத்து வாங்கினோம். ஆறு மாதத்தில் தெருவில் பத்தொன்பது வீட்டிலும் மூன்றாவது வகை பூத்தது. பத்தொன்பது பாதுகாப்பு அறைகள் எழுந்தன. பெரிய வீட்டுக்காரர்கள்கூட வந்து விதை கேட்டார்கள்.

போன வாரம் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர் கணக்கெடுக்க வந்தார். காகிதத்தைப் பார்த்து முகம் வாடினார்.

"பத்தொன்பது வீடு. ஒரு வீட்டுலகூடக் கழிப்பறை இல்லையா?"

எங்களில் யார் உண்மையைச் சொன்னாலும் பத்தொன்பது அறைக்கும் பூட்டு விழும். எல்லாரும் 'இல்லை' என்று தலையாட்டினோம்.

அவர் கொஞ்ச நேரம் கால் மாற்றிக் கால் நின்றார். பிறகு டெய்லரின் மனைவியிடம் மெதுவாக, "அம்மா, அந்தச் செடியை நான் பார்க்கலாமா?" என்றார். அவள் கதவைக் காட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறந்தது, மூடியது.

ஐந்து நிமிடம் கழித்து முகம் தெளிந்து வெளியே வந்தார்.

"நல்லா வளர்ந்திருக்கு" என்றார். பேனாவைத் திறந்து, எங்கள் கண்ணெதிரே, 'தெருவில் கழிப்பறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.