பன்னிரண்டரை மணிக்கு விற்ற கப்பல்

ஷூவைக் கழற்றிப் பிரம்புக் கூடையில் போட்ட பிறகுதான், இனி நினைத்தால் ஓடக்கூட முடியாது என்பது மார்சியாலுக்கு உறைத்தது. தேக்குத் தளத்தில் கீறல் விழக் கூடாதாம். அதனால் ஆன்டீப் துறைமுகத்து உல்லாசக் கப்பல் கண்காட்சியில் கோடீஸ்வரனும் வெறுங்கால்தான், வேடிக்கை பார்க்க வந்தவனும் வெறுங்கால்தான். கூடைக்குக் காவலாக ஏணியடியில் ஒரு பெண் ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

மார்சியால் வேடிக்கை பார்க்க வந்தவன். பல் டாக்டர் லெஸ்கூரிடம் நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. டாக்டருக்குத் தபாலில் வந்த அழைப்பு அட்டையைச் சொல்லாமல் எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஒரே ஒரு போட்டோ போதும், மச்சான் ரோலான் வயிறு எரிய வேண்டும். பன்னிரண்டு மணியானால் விற்பனைக்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள், ஏன் என்று கேட்க ஆளிருக்காது என்று கணக்குப் போட்டிருந்தான்.

"வாங்க வாங்க, டாக்டர் லெஸ்கூர்!"

ஏணி ஏறியதுமே, நீலக் கோட்டும் நரைத்த மீசையுமாக ஒரு பெரியவர், அட்டையைப் படித்தபடியே கையைப் பிடித்துக் குலுக்கினார். மணி பன்னிரண்டரை. இந்த மனுஷனுக்கு மட்டும் பசிக்காதா என்று மார்சியாலுக்கு எரிச்சலாக வந்தது.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு..."

"நிஜமா வாங்குறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க!"

இல்லாததைக் கேட்டால் விட்டுவிடுவார் என்று நினைத்தான்.

"கப்பல் நீளம் பத்தாதே."

"நாலு மீட்டர் சேத்துக் கட்டிடலாம்."

"வெள்ளை நிறம் எனக்கு ஆகாது. பச்சைதான் வேணும்."

"என்ன ரசனை! அடிச்சிடலாம்."

"மேல்தளத்துல நான் இரும்புக் குண்டு உருட்டி விளையாடணும். அதுக்கு மண்ணு கொட்டணும்."

"எத்தனை டன்?"

மார்சியால் ஏணிப் பக்கம் நகர்ந்தான். பெரியவரோ வாயைத் திறந்தார்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. இந்தக் கடைவாய்ப் பல்லு ரெண்டு மாசமா உயிரை எடுக்குது. ஒரு பார்வை பாருங்களேன்."

பார்த்தான். பூண்டு வாசமும் மீன் வாசமும் மூக்கில் ஏறின. பல்லைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்தது.

"பிடுங்கிடணும்," என்றான், சீக்கிரம் முடிந்தால் போதுமென்று.

"அப்ப சாயங்காலமே உங்க கிளினிக்குக்கு வந்துடறேன். ஒப்பந்தத்தையும் அங்கேயே முடிச்சிடலாம்!"

அங்கே நிஜ டாக்டர் உட்கார்ந்திருப்பார். பதினோரு வருட வேலை ஒரு கடைவாய்ப் பல்லோடு சேர்ந்து பிடுங்கப்பட்டுவிடும்.

"வேண்டாம் வேண்டாம்! இங்கேயே முடிச்சிடலாம், இப்பவே!"

கோட்டுப் பையிலிருந்து கசங்கிய தாள் ஒன்று வந்தது. தொண்ணூறு லட்சம் யூரோ என்று எழுதி, பெரியவர் பேனாவை நீட்டினார். மார்சியால் டாக்டர் பெயரைக் கிறுக்கினான். பெரியவர் அந்தத் தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் மார்சியாலால் தாங்க முடியவில்லை.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. நான் டாக்டரே இல்லை. அவர்கிட்ட வேலை பாக்கிறவன். அட்டை அவரோடது. கப்பல் இல்லை, ஒரு துடுப்பு வாங்கக்கூட எனக்கு வக்கில்லை. எங்க டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பெரியவரின் மீசை தொங்கிப்போனது. "அடப்பாவி," என்றார். "அப்ப என் பல்லு?"

அதற்குள் ஏணியடிப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டாள். அவனுடைய ஷூவை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பிறகு, மீன் செதில் ஒட்டிய ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினாள்.

"பெசோன் தாத்தா, இந்த வருஷமும் ஒண்ணை வித்தாச்சா? பூட்ஸை மாட்டிக்கிட்டு உங்க மீன் கடைக்குக் கிளம்புங்க, நிஜ விற்பனைக்காரங்க சாப்பிட்டுத் திரும்புற நேரமாச்சு!"