எண்ணெய் பேசும்போது

கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். நாட்டு ரகசியம் எதுவும் இல்லை, எண்ணெய் ரகசியம்தான். என் மனைவி வீட்டிலேயே காய்ச்சுகிற மூலிகை எண்ணெயில் கடைசியாக என்னவோ ஒன்று சேர்க்கிறாள். அது என்னவென்று தெரிந்தால் என் தலை தப்பிக்கும். முன்பக்கம் ஏற்கெனவே வெட்டவெளி. பின்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் குடியிருப்பு பாக்கி இருக்கிறது.

அவள் பெயர் குழல்மொழி. கல்யாணத்தன்றே எங்களுக்குள் பாகப்பிரிவினை ஆகிவிட்டது. குழல் அவளுக்கு, மொழி எனக்கு. அவள் கூந்தல் இடுப்பைத் தாண்டும், என் பேச்சு எல்லையைத் தாண்டும். சத்திரம் பேருந்து நிலையத்தில் மைக்கில் பஸ் அறிவித்தே ஓய்வு பெற்றவன் நான். முசிறி, தொட்டியம் வழி நாமக்கல் என்று இன்றைக்கும் தூக்கத்தில் சொல்கிறேனாம். மைக்கை வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள், வாயை வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் இட்லி வெந்தால்கூட, எந்தத் தட்டு முதலில் புறப்படும் என்று நான்தான் அறிவிப்பேன்.

புதன்கிழமைதோறும் எண்ணெய் காய்ச்சுவாள். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, கறிவேப்பிலை, வெந்தயம் எல்லாவற்றையும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் விடுவது வரை எனக்கு மனப்பாடம். அதற்கு மேல்தான் இருட்டு.

“கடைசியா என்னமோ சேக்குறியே, அது என்ன?”

“சொன்னா பலிக்காதுங்க.”

“மூலிகையா?”

“மருந்துன்னு வச்சுக்கங்களேன்.”

“காயா, வேரா?”

“காயும் இல்ல, வேரும் இல்ல. வாயை மூடிட்டு இருந்தா நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. இப்படி ஸ்டூல்ல உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அடுப்பைச் சின்னதாக வைத்தாள். இரும்புச் சட்டியில் சடசடவென்று சத்தம் கிளம்பியது.

“கேக்குதா? எண்ணெய் பேசுது. சாறுல தண்ணி இருக்கிற வரைக்கும் பேசும். பேச்சு அடங்கினதும் இறக்கிடணும், விட்டா கருகிடும். என் காது அவ்வளவு கூர்மை இல்ல. நீங்கதான் கேட்டுச் சொல்லணும்.”

“அதுக்கென்ன, நான் அந்தக் காலத்துல பஸ் வர்ற சத்தத்தை வச்சே எந்த ரூட்டுன்னு...”

“ஸ்ஸ். நீங்க பேசினா அது பேசுறது கேக்காது.”

நியாயமாகத்தான் பட்டது. வாயை மூடிக்கொண்டேன். அவள் காபியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், காலை நீட்டி வாரப் பத்திரிகை படித்தாள். நான் கண்ணைச் சட்டியிலும் காதை எண்ணெயிலும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சத்தம் அடங்கியதும் கையை ஆட்டினேன். வந்து இறக்கினாள்.

“இன்னும் அதைச் சேக்கலையே?”

“சேத்தாச்சே.”

“எப்ப?”

“நீங்க கவனிக்கல.”

கண் சிமிட்டிய நேரத்தில் போட்டிருக்க வேண்டும். அடுத்த புதன் சிமிட்டாமல் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர, மர்மம் விலகவில்லை. அதற்கடுத்த புதனும் அதே கதைதான். பாட்டில்கள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. டிவிக்குப் பின்னால், அரிசி டிரம்மின் மேல், என் சட்டை அலமாரியில் என்று எங்கே கை வைத்தாலும் எண்ணெய்.

“இருக்கிறதே தீரலையே, மறுபடியும் எதுக்கு?”

“ஒரு வாரத்துக்கு மேல தாங்க மாட்டேங்குதுங்க,” என்றாள். ஏனோ எண்ணெயைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

எதிர் ஃபிளாட் லின்சி, தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குழல்மொழியிடம் எண்ணெய் காய்ச்சக் கற்றுக்கொண்டவள். வியாழக்கிழமை காலை லிஃப்ட் வாசலில் அவளை மடக்கினேன்.

“கடைசியா என்னம்மா சேக்குறே?”

“ஒண்ணும் இல்லையே அங்கிள்.”

“மறைக்காதே. வாராவாரம் காய்ச்சுறப்ப...”

“வாராவாரமா? வருஷத்துக்கு ரெண்டு தடவை போதும்னாங்களே ஆன்ட்டி.”

“ஏன், உனக்கும் நீளமான முடிதானே?”

லின்சி கொஞ்சம் தயங்கினாள்.

“முடிக்காக இல்ல அங்கிள். எங்க வீட்டுக்காரரு அவ்வளவா பேச மாட்டாரு.”

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. எனக்கு முதலில் புரியவில்லை. கீழே இறங்கித் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தபோதுதான் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது, அவமானமாகவும் இருந்தது. எத்தனை புதன்கிழமைகள், எத்தனை மணி நேரப் பேச்சு, எல்லாவற்றையும் சட்டியில் போட்டு வற்றவைத்திருக்கிறாள். இன்றைக்கு வட்டியோடு பேசித் தீர்ப்பது என்று முதல் வாக்கியத்தை மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

புதன் நேற்றே முடிந்தும், வாசலிலேயே கரிசலாங்கண்ணி வாசம். குழல்மொழி அப்போதுதான் போனைக் கீழே வைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் துடைத்துப் போட்டிருந்தது.

“லின்சிதான் பேசினா. என்னமோ கேக்கணும்னு வர்றீங்களாமே?”

“ஆமா. இத்தனை நாளா நீ...”

“ஸ்ஸ். எண்ணெய் பேசுது.”

உட்கார்ந்தேன். கருகிவிடக் கூடாதே.