அப்பாவின் விக்கலும் என் முதல் ஸ்கேனும்

ஒரு தொழிலை அரைகுறையாகக் கற்றவர்களைச் சொந்தக்காரர்கள் கிட்டவே சேர்க்கக் கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. மூன்று மாத கோர்ஸ் முடித்த கையோடு, சிதம்பரத்தில் என் தாய்மாமாவின் ஓட்டலை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்தம்பிக்க வைத்தவள் நான்தான்.

கோர்ஸ் என்றால் கம்ப்யூட்டர் பாதுகாப்பு. நெட்வொர்க்கில் இருக்கும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஏகப்பட்ட கதவுகள் உண்டு. எது திறந்து கிடக்கிறது, எதன் பூட்டு லொடலொடக்கிறது என்று, திருடன் வருவதற்கு முன்னால் நாம் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் ஸ்கேன். சென்னையில் ஒரு கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டது. குறிஞ்சிப்பாடியில் உரக்கடை வைத்திருக்கும் என் அப்பாதான் அசையவில்லை.

"கண்டவன் வூட்டுக் கதவ தட்டிப் பாக்குறதெல்லாம் ஒரு வேலையா? அதுக்கு மெட்ராசுக்கு வேற போவணுமா?"

அழுதேன். உண்ணாவிரதம் இருந்தேன் (காலை டிபன் மட்டும், மத்தியானம் அம்மா வஞ்சிரம் வறுத்துவிட்டாள்). கடைசியில் அப்பா ஒரு வழிக்கு வந்தார். "ஒங்க மாமன் கடையில எல்லாம் கம்ப்யூட்டர்தான். அங்க செஞ்சு காட்டு. அவரு இது வேலைதான்னு சொன்னா போ. இல்லன்னா நம்ம கடையில வந்து ஒக்காரு." கம்பெனிக்கு மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும். அப்பாவும் நானும் பஸ் ஏறினோம்.

மாமாவின் ஓட்டல் கோயிலுக்குப் பக்கத்தில். அங்கே ஒரே சட்டம்தான்: சீட்டு இல்லாமல் சமையல்கட்டிலிருந்து ஒரு வடைகூட வெளியே வராது. சர்வர் மொபைலில் ஆர்டரைத் தட்டுவார். உள்ளே ஒரு குட்டி பிரிண்டர் சீட்டைத் துப்பும். ஆரோக்கியம் மாஸ்டர் அதைப் படித்துவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார். கடலூர்க்காரர், பழைய ஆள், சீட்டு என்றால் அவருக்கு வேதவாக்கு.

"மாமா, செக் பண்ணட்டுமா?"

"தாராளமா பண்ணு பாப்பா. ஆனா இப்ப கூட்டம் ஜாஸ்தி. மூணு மணிக்கு மேல பண்ணு."

"சரிங்க மாமா" என்றேன். அப்போது மணி ஒன்றரை. அப்பா சாப்பிட்டு முடிப்பதற்குள் ரிப்போர்ட்டோடு போய் நின்றால் எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு. மூன்று மணி வரைக்கும் பொறுத்திருக்க நான் என்ன சாதாரண ஆளா?

வாடிக்கையாளர்களுக்காகச் சுவரில் ஒட்டியிருந்த வைஃபை பாஸ்வேர்டை என் லேப்டாப்பில் போட்டு உள்ளே போனேன். ஸ்கேன் செய்யும் கருவிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பிரிண்டரின் கதவை மட்டும் தொந்தரவு செய்யாமல் தாண்டிப் போய்விடும். ஏன் என்று எங்கள் சார் வகுப்பில் இரண்டு தடவை விளக்கினார். (நான் அப்போது வேலை கிடைத்த செய்தியை வாட்ஸப்பில் பரப்பிக்கொண்டிருந்தேன்.) "ஒரு கதவையும் விடாதே" என்று அதற்கு ஆணை போட்டு பட்டனைத் தட்டினேன்.

பிரிண்டர் பாவம், அப்பிராணி. அந்தக் கதவு வழியாக எது வந்தாலும் அச்சடித்துவிடும். கதவைத் தட்டி 'உள்ளே யார்' என்று கருவி கேட்ட கேள்வியை எல்லாம் அது சீட்டாக அடிக்க ஆரம்பித்தது.

"இன்னாயா இது அயிட்டம்? கேள்விக்குறியா வருது?" உள்ளேயிருந்து மாஸ்டரின் குரல் கேட்டது. பேப்பர் முழம் முழமாக வந்தது. நிஜ ஆர்டர்கள் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. சீட்டு இல்லை, அதனால் தோசையும் இல்லை. ஹாலில் தரிசனம் முடித்து வந்த பசிக்கூட்டம் டேபிளைத் தட்டியது. மாமா பிரிண்டர் சர்வீஸ்காரரைப் போனில் பிடித்து வறுத்துக்கொண்டிருந்தார்.

எங்கேயோ தப்பு நடக்கிறது, நல்ல வேளையாக நம்மால் இல்லை என்று நினைத்துக்கொண்டு ஸ்கேனைத் தொடர்ந்தேன்.

அந்தக் கருவி கேட்கும் கேள்விகளில் ஒன்று, வெறும் 'ஹெல்ப்' என்ற ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில். அத்தனை குப்பைக்கு நடுவில் மாஸ்டருக்குப் புரிந்தது அது ஒன்றுதான். சொம்புத் தண்ணீரோடு ஹாலுக்குள் பாய்ந்தார்.

"யாருக்கு என்னாச்சு? யாருய்யா ஹெல்ப்பு கேட்டது?"

அந்த ஹாலில் இலையில் சாப்பாடு இருந்த ஒரே ஆள் என் அப்பா. அவர் அந்த நேரம் பார்த்து கொத்சுவில் கிடந்த மிளகாயைக் கடித்து, கண் சிவக்க விக்கிக்கொண்டிருந்தார்.

"இதோ இருக்காரு!" மாஸ்டரின் கை அப்பாவின் முதுகில் இறங்கியது. தண்ணீர் பாதி வாயில், மீதி வேட்டியில்.

"எனக்கு... விக்... ஒண்ணும்... விக்... இல்லய்யா!"

"பேசாதீங்க! மூச்ச வுடுங்க!" மறுபடி ஒன்று வைத்தார்.

மாஸ்டர் கையில் ஆடிய சீட்டைப் பார்த்தேன். அது என் ஸ்கேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பிரிண்டர்காரர் தலையோடு போய்விடும், நான் சென்னைக்குப் போகலாம். ஆனால் போனின் அந்தப் பக்கம் அந்த மனிதர், "சார், நான் ஒண்ணுமே பண்ணலியே சார்" என்று கெஞ்சுவது எனக்கே கேட்டது. லேப்டாப்பை மூடினேன்.

"மாமா... நாந்தான் மாமா."

மாமா போனை வைத்தார். "மூணு மணிக்குன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க."

"நீ கல்லாவுல இருக்குற கம்ப்யூட்டர் பக்கமே வரலியே. எங்கேர்ந்து பண்ண?"

"செவுத்துல ஒட்டியிருக்குற வைஃபைலேர்ந்து. பில்லு மெஷினு, கேமரா, பிரிண்டரு எல்லாம் அதுலதான் இருக்கு மாமா. சாப்புட வர்ற யாரு வேணா பண்ணலாம்."

மாமா சுவருக்குப் போய் அந்தத் தாளைக் கிழித்தார். பிறகு அப்பாவிடம் வந்தார்.

"மச்சான், இது வேலைதான். பாப்பாவ மெட்ராசுக்கு அனுப்பி வைங்க." கொஞ்சம் யோசித்து, "இன்னிக்கே அனுப்பிடுங்க. சாயங்காலம் பஸ்ஸு இருக்கு" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "விக்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். நான் சென்னைக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் மட்டும், அப்பா விக்கினால், "ஒன் பொண்ணு ஸ்கேன் பண்றா" என்பார்கள். உடனே அப்பாவிடமிருந்து போன் வரும்.

"என்னா பாப்பா, ஸ்கேன் ஓடுதா?"

"ஆமாம்பா, இப்பதான் போட்டேன்."

இப்போதெல்லாம் வாரத்துக்கு நாலு நாள் விக்கல் என்று போன் செய்கிறார். பயந்துபோய், டாக்டரிடம் காட்டலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"அடிப் போடி. விக்கலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள் அம்மா.